மெயினுக்கு முன்னால் ஒரு வார்த்தை: டென்னிஸ் ரிட்சியின் கதை

ஃபர்ஸ்ட் இயர் சி லேப் ஞாபகம் இருக்கா? நீல நிறத் திரை. டர்போ சி. முதல் வரியில் ஸ்டுடியோ, இரண்டாவது வரியில் கோனியோ, மூன்றாவது வரியில் வாய்டு மெயின். கிளியர் ஸ்கிரீன் ஒன்று, கடைசியில் கெட்ச் ஒன்று. ரெக்கார்டு நோட்டிலும் அப்படியே எழுதி, சைன் வாங்கி, அட்டை போட்டு வைத்தோம். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு நாள் சொந்த லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றி, அதே புரோகிராமை சி பிளஸ் பிளஸ் ஃபைலாக சேவ் பண்ணி ஓட்டிப் பார்த்தீர்கள். கோனியோ கிடையாது என்று ஒரு அடி. சரி, அந்த வரியைத் தூக்கியாச்சு. அடுத்த அடி: மெயின் இன்ட்டைத்தான் திருப்பித் தர வேண்டுமாம். லேபில் ஆறு மாதம் ஓடியது ஹாஸ்டல் ரூமில் ஓடாது என்கிறது. யாருக்குத் திருப்பித் தர? மெயினைக் கூப்பிட்டது யார்? நாம்தான் கூப்பிடவே இல்லையே!

இதைவிட மோசமான ஒன்று எனக்கு நடந்தது, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி. ஸ்டூடண்ட் என்று ஒரு ஸ்ட்ரக்ட், அதற்குக் கீழே மெயின். புரோகிராமில் ஒரு குறையும் தெரியவில்லை. கம்பைலர் மட்டும் மெயினின் ரிட்டர்ன் டைப் இன்ட் இல்லை என்று எச்சரித்தது. அதோடு விடவில்லை. ரிட்டர்ன் 0 என்ற வரியைக் காட்டி, நீ இன்ட்டைத் தருகிறாய், நான் எதிர்பார்த்தது ஸ்ட்ரக்ட் ஸ்டூடண்ட் என்றது. மெயினிலிருந்து மாணவரைத் திருப்பி அனுப்ப வேண்டுமாம்! ஒன்றரை மணி நேரம் மெயினையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு மெயினில் இல்லை. அதற்கு மேலே, ஸ்ட்ரக்ட்டின் மூடு அடைப்புக்குப் பிறகு ஒரு செமிகோலன் போடவில்லை, அவ்வளவுதான்.

அந்த ராத்திரி நான் மனசுக்குள் திட்டிய ஆளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் 2011-ல் இறந்தபோது நம்மில் பலர் இன்னும் பள்ளிக்கூடத்தில்கூடச் சேரவில்லை. பெயர் டென்னிஸ் ரிட்சி. சி மொழியை உருவாக்கியவர், யூனிக்ஸை உருவாக்கிய இருவரில் ஒருவர். உங்களை அலைக்கழித்த அந்த எரர் ஒவ்வொன்றுக்கும் அவர் வாழ்க்கையில் ஒரு தேதி இருக்கிறது. படித்து முடித்தால் நீங்களும் என்னைப் போல அவரை மன்னித்துவிடுவீர்கள்.

ரிட்சி 1941 செப்டம்பர் 9 அன்று நியூயார்க் மாநிலத்தில் பிராங்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். அப்பா அலிஸ்டேர் ரிட்சி பெல் லேப்ஸில் பொறியாளர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் வரும் ஸ்விட்சிங் சர்க்யூட் பற்றி மற்ற இருவரோடு சேர்ந்து பாடப்புத்தகமே எழுதியவர். நாம் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் படிக்கிற சமாச்சாரத்தின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்தது. மகன் சம்மிட் என்ற ஊரில் ஸ்கூல் முடித்து ஹார்வர்டு போனார். 1963-ல் இயற்பியல் பட்டம். பிறகு அங்கேயே பயன்முறைக் கணிதத்தில் ஆராய்ச்சி.

ஆராய்ச்சி நன்றாகவே போனது. எத்தனை அடுக்கு லூப் போட்டால் எந்த அளவு கடினமான கணக்கை முடிக்கலாம் என்பது விஷயம். 1968-ல் தீசிஸ் தயார். ஆனால் பைண்ட் பண்ணிய பிரதி ஒன்றை நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ரிட்சி அதை ஒப்படைக்கவே இல்லை. அதனால் டாக்டர் பட்டமும் கடைசிவரை வரவில்லை. பின்னாளில் உலகமே டாக்டர் ரிட்சி என்று கூப்பிட்டபோதும் சட்டப்படி அவர் டாக்டர் இல்லை. காணாமல் போனதாக நினைத்த அந்தத் தீசிஸின் பிரதியை, அவர் இறந்து பல வருடம் கழித்து 2020-ல் கலிபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது. ஸ்பைரல் பைண்டிங்குக்காக ஜெராக்ஸ் கடை வாசலில் வரிசையில் நிற்கும் ஃபைனல் இயர் அண்ணன்கள், அக்காக்கள் கவனிக்க. ஆனால் இதை முன்னுதாரணமாகக் கைடிடம் காட்டாதீர்கள்.

1967-லேயே அப்பா வேலை பார்த்த அதே பெல் லேப்ஸில், நியூ ஜெர்சி மர்ரே ஹில்லில் சேர்ந்துவிட்டார். அப்போது அங்கே பெரிய வேலை மல்டிக்ஸ். எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூன்றும் சேர்ந்து கட்டிய பிரம்மாண்ட ஆபரேட்டிங் சிஸ்டம். வருடங்கள் ஓடின, செலவும் ஓடியது, சிஸ்டம் மட்டும் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 1969-ல் பெல் லேப்ஸ் கையைக் கழுவிவிட்டது.

அந்தக் குழுவில் இருந்த கென் தாம்சனுக்கு ஒரு விண்வெளி விளையாட்டு எழுதி வைத்திருந்ததை ஓட்ட ஒரு மெஷின் வேண்டியிருந்தது. யாரும் அதிகம் தொடாத பிடிபி-7 ஒன்று மூலையில் கிடந்தது. மனைவி குழந்தையோடு மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் அதன் மேல் ஒரு சின்ன ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிப்படையை எழுதி முடித்தார் தாம்சன். ஃபைல்களை எப்படி வைப்பது, கருவிகளையும் ஃபைல் போலவே எப்படிக் கையாள்வது என்ற யோசனைகளில் ரிட்சிக்கும் பங்கு உண்டு. அதுதான் யூனிக்ஸ். இந்தக் கதையை நீங்கள் ஓஎஸ் வகுப்பில் கேட்டிருப்பீர்கள், அதனால் வேகமாகத் தாண்டுகிறேன். நமக்கு வேண்டியது அடுத்த மூன்று வருடம்.

அந்தச் சின்ன மெஷினுக்குத் தாம்சன் ஒரு மொழியும் செய்தார். இங்கிலாந்துக்காரர் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பிசிபிஎல் மொழியைச் சுருக்கி, பிடிபி-7-ன் குட்டி மெமரிக்குள் அடங்கும்படி பிழிந்து எடுத்தது. அதன் பெயர் பி. இந்த பி மொழியில் டைப் என்ற பேச்சே கிடையாது. இன்ட் இல்லை, கேர் இல்லை, ஃப்ளோட் இல்லை. எல்லாமே ஒரு வேர்டு, அதாவது மெஷின் ஒரு தடவையில் தூக்கும் ஒரு மூட்டை பிட்டுகள். அது எண்ணா, எழுத்தா, முகவரியா என்பது அதை வைத்து நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃபங்ஷன் எழுதும்போது பெயருக்கு முன்னால் எதுவும் எழுத வேண்டாம். எழுத எதுவுமே இல்லையே!

பிடிபி-7-ல் இது ஒத்துவந்தது. 1970-ல் பிடிபி-11 வந்து இறங்கியதும் சிக்கல் ஆரம்பம். புதிய மெஷினில் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி. பி மொழிக்கோ வேர்டு மட்டும்தான் தெரியும். ஒரு எழுத்தை எடுக்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு, வேர்டுக்குள்ளிருந்து உரித்து எடுக்க வேண்டும். பாயிண்டர் என்பது வேர்டு கணக்கில் ஒரு எண். மெஷின் கேட்பதோ பைட் கணக்கு. அதனால் ஒவ்வொரு முறையும் ரன் டைமில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இது போதாதென்று தசம எண்களைக் கையாளும் ஹார்டுவேர் வரப்போகிறது என்ற பேச்சு. 16 பிட் வேர்டுக்குள் உருப்படியான தசம எண்ணை எங்கே அடைப்பது?

1971-ல் ரிட்சி இதைக் கையில் எடுத்தார். பி மொழிக்கு டைப்புகளைச் சேர்த்தார். முதலில் இரண்டே இரண்டு: இன்ட், கேர். இந்த இடைக்கால மொழிக்கு நியூ பி என்று பெயர். 1972-ல் கம்பைலரை மீண்டும் எழுதி, அரே, பாயிண்டர் பற்றிய விதிகளையெல்லாம் சரிசெய்தபோது மொழி வேறாகிவிட்டது. எழுத்து வரிசையில் அடுத்த எழுத்து, சி.

இப்போது கவனியுங்கள். உங்கள் முதல் எரரின் பிறந்தநாள் இங்கேதான் இருக்கிறது. டைப் இல்லாத பி மொழியில் ஏற்கெனவே நிறைய கோடு எழுதப்பட்டிருந்தது. எழுதியவர்கள் எல்லாம் பக்கத்து ரூம்காரர்கள். நாளைக் காலையில் அத்தனை பேரும் எல்லா ஃபங்ஷனுக்கும் முன்னால் டைப் எழுதுங்கள் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு சமரசம்: டைப் எழுதாவிட்டால் அது இன்ட் என்று கம்பைலரே எடுத்துக்கொள்ளும். பழைய கோடு அப்படியே ஓடும். எனவே அந்தக் கால மெயினுக்கு முன்னால் ஒரு வார்த்தையும் இருக்காது. ஆனால் உள்ளே அது இன்ட்தான். வாய்டு என்ற சொல் அப்போது மொழியிலேயே இல்லை.

சரி, மெயினைக் கூப்பிடுவது யார்? நீங்கள் கம்பைல் பண்ணும்போது உங்கள் புரோகிராமோடு ஒரு குட்டித் தொடக்கக் கோடையும் லிங்கர் ஒட்டுகிறது. யூனிக்ஸ் புரோகிராமை மெமரியில் ஏற்றியதும் முதலில் ஓடுவது அதுதான். அது மெயினைக் கூப்பிடும். மெயின் முடிந்ததும், அது தந்த எண்ணை எக்ஸிட்டுக்குக் கொடுக்கும். அங்கிருந்து அந்த எண் உங்கள் புரோகிராமைத் தொடங்கிவைத்த ஷெல்லுக்குப் போகும். 0 என்றால் எல்லாம் நலம், வேறு எண் என்றால் ஏதோ கோளாறு. ராத்திரி முழுக்க ஓடும் ஒரு ஸ்கிரிப்டு அடுத்த வேலையைத் தொடங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது அந்த ஒற்றை எண்ணை நம்பித்தான். மேக் கட்டளை பாதியில் நிற்பதும், கிட்டில் ஏற்றியதும் ஓடும் டெஸ்டுகளில் சிவப்புப் பெருக்கல் குறி விழுவதும் அதே எண்ணால்தான்.

அப்படியானால் மெயின் ஒன்றும் தராவிட்டால்? பிடிபி-11-ல் ஃபங்ஷனின் விடை வந்து உட்காரும் இடம் ஒரு ரெஜிஸ்டர். நீங்கள் எதையும் வைக்காவிட்டாலும் அந்த ரெஜிஸ்டர் காலியாக இருக்காது. முன்பு யாரோ விட்டுப்போன குப்பை இருக்கும். அந்தக் குப்பைதான் பதிலாகப் போகும். இன்றைக்கும் இதைப் பார்க்கலாம். லினக்ஸில் வாய்டு மெயின் போட்டு, ஹலோ, கமா, ஒரு இடைவெளி, வேர்ல்டு, நியூ லைன் என்று மட்டும் பிரிண்ட் பண்ணும் சி புரோகிராமை ஜிசிசியில் ஓட்டி, உடனே ஷெல்லில் அந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 13 வரும். ஆங்கிலத்தில் எழுதினால் மொத்தம் 13 எழுத்துகள். பிரிண்டெஃப் எண்ணிச் சொன்ன விடை ரெஜிஸ்டரிலேயே தங்கி, உங்கள் புரோகிராமின் தீர்ப்பாக வெளியே போயிருக்கிறது. திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். ஷெல்லின் கணக்கிலோ உங்கள் புரோகிராம் ஃபெயில்.

அடுத்து என் செமிகோலன் கதைக்கு வருவோம். 1972-ல் தாம்சன் யூனிக்ஸ் கெர்னலை அசெம்ப்ளியிலிருந்து சி-க்கு மாற்றி எழுத முயன்றார். முடியவில்லை, விட்டுவிட்டார். காரணம், கெர்னலுக்குள் இருப்பதெல்லாம் அட்டவணைகள். ஒரு ஃபைலைப் பற்றிச் சொல்ல அதன் அளவு, உரிமையாளர், டிஸ்க்கில் இருக்கும் இடம் என்று பல விஷயம் ஒன்றாகக் கட்டி வைக்க வேண்டும். அப்போதைய சி-யில் அதற்கு வழி இல்லை. ரிட்சி ஸ்ட்ரக்ட்டைச் சேர்த்தார். 1973 கோடையில் இருவரும் மறுபடி உட்கார்ந்தார்கள். இந்த முறை கெர்னல் சி-யில் வந்துவிட்டது. ஒரு மெஷினோடு சாகாத ஆபரேட்டிங் சிஸ்டம் என்ற எண்ணத்துக்கு அந்தக் கோடைதான் வழி திறந்தது.

அந்த ஸ்ட்ரக்ட்டை அவர் எப்படி வடிவமைத்தார் தெரியுமா? ஸ்ட்ரக்ட் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் உறுப்புகளைப் போட்டு மூடினால் அந்த முழுத் தொகுப்பும் இன்ட் போல, கேர் போல ஒரு டைப். இன்ட்டுக்குப் பின்னால் என்னவெல்லாம் வரலாமோ அதெல்லாம் இதற்குப் பின்னாலும் வரலாம். வேரியபிள் வரலாம், பாயிண்டர் வரலாம், ஃபங்ஷனும் வரலாம். செமிகோலன் போட்டால்தான் பேச்சு முடிந்தது என்று கம்பைலருக்குத் தெரியும். நான் போடவில்லை. மெயினுக்கு முன்னால் இன்ட்டும் போடவில்லை. வரி மாறியதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஸ்ட்ரக்ட் ஸ்டூடண்ட்டைத் திருப்பித் தரும் மெயின் என்ற ஃபங்ஷன், அப்படித்தான் அது வாசித்தது. இலக்கணப்படி முழுக்கச் சரி! கெர்னலையே தூக்கி நிறுத்திய அதே வசதி என் லேப் எக்ஸாம் ராத்திரியைக் கெடுத்திருக்கிறது. மெயினுக்கு முன்னால் இன்ட் போட்டிருந்தால் வேறு மாதிரித் திட்டியிருக்கும், இரண்டு டைப் எதற்கு என்கிற பாணியில். அப்போதும் விரலைக் காட்டுவது பெரும்பாலும் மெயின் இருக்கும் பக்கம்தான். ஆகவே மெயின் மேல் விசித்திரமான புகார் வந்தால், அதற்கு முந்தின அடைப்புக்குறியை ஒரு பார்வை பாருங்கள். ஹெடர் ஃபைலின் கடைசி வரியையும் சேர்த்து.

மனிதர் எப்படி? கூச்ச சுபாவம், குறைவான பேச்சு. மதியத்துக்கு மேல்தான் லேபுக்கு வருவார், ராத்திரி வெகுநேரம் வேலை பார்ப்பார். லாகின் பெயர் மூன்றே எழுத்து: டிஎம்ஆர். சக ஊழியர்கள் பேச்சிலும் அவரை அப்படியே குறிப்பிட்டார்கள். வெளியே தெரியாத குறும்பும் இருந்தது. 1989-ல் ராப் பைக்கும் அவரும் பிரபல மேஜிக் ஜோடி பென், டெல்லரைப் பிடித்து, நோபல் பரிசு வாங்கிய தங்கள் பெரிய அதிகாரி ஆர்னோ பென்சியாஸை ஏமாற்ற ஒரு போலி டெமோவே நடத்தினார்கள்.

யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில், 1975-ல், ஒரு புராசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில் ஒரு கமெண்ட் இருக்கிறது. வாசிப்பவருக்கு இது புரியும் என்று எதிர்பார்க்கவில்லை என்று அர்த்தம். அதைப் படித்து உலகம் முழுவதும் சிரித்தார்கள், ஆணவம் என்று சிலர் நினைத்தார்கள். இது எக்ஸாமில் வராது என்கிற தொனியில் போட்டதுதான் என்று ரிட்சி பின்னர் விளக்கினார். கூடவே, உண்மையில் தங்களுக்கே அது சரியாகப் புரிந்திருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அங்கே என்ன நடந்தது என்றால், ஒரு ஃபங்ஷன் தன்னைக் கூப்பிட்ட இடத்துக்குத் திரும்பாமல் வேறொரு இடத்துக்குத் திரும்பும். பிடிபி-11-ல் அதிர்ஷ்டவசமாக ஓடியது. வேறு மெஷினுக்குக் கொண்டுபோனபோது கவிழ்ந்தது, மாற்றி எழுத வேண்டியதாயிற்று. ரிட்டர்ன் என்பது மொழியை உருவாக்கியவரையே தண்ணி காட்டியிருக்கிறது, நாமெல்லாம் எம்மாத்திரம்.

1978-ல் பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து சி மொழிப் புத்தகம். 228 பக்கம்தான். பாடங்களில் பெரும்பகுதியை முதலில் எழுதியவர் கெர்னிகன். பின்னால் இருக்கும் இலக்கணக் கையேடு ரிட்சியுடையது. ஒரு சொல் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்காது. அந்தப் புத்தகத்தின் முதல் புரோகிராமில் மெயினுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. வாய்டும் புத்தகத்தில் இல்லை. புத்தகம் அச்சான காலத்தை ஒட்டித்தான் அந்தச் சொல் கம்பைலர்களுக்குள் நுழைந்தது.

வாய்டு வந்ததற்குக் காரணம் நியாயமானது. எதையும் தராத ஃபங்ஷனையும் இன்ட் என்று நடித்துக்கொண்டிருந்தால், இல்லாத விடையை யாராவது எடுத்துப் பயன்படுத்துவார்கள். ரிட்சியின் கம்பைலர் நம்பிக்கைக்காரர். புரோகிராமருக்குத் தான் செய்வது தெரியும் என்று எடுத்துக்கொண்டு நிறைய விஷயத்தைப் பேசாமல் விட்டுவிடும். பக்கத்து ரூம்காரர்களுக்கு அது போதும். மொழி வெளியூர் போனதும் போதவில்லை. அதே லேபின் ஸ்டீவ் ஜான்சன், கம்பைலர் கண்டுகொள்ளாததையெல்லாம் தோண்டிச் சொல்ல லின்ட் என்று தனியாக ஒரு கருவி எழுதினார். இன்றைக்கு நம்மைத் திட்டும் எச்சரிக்கைகளில் பல அந்தக் கருவியின் வாரிசுகள்.

1983-ல் இரண்டு விஷயம் நடந்தது. தாம்சனுக்கும் ரிட்சிக்கும் டூரிங் விருது. இன்னொன்று, சி-க்குத் தரநிலை எழுத அமெரிக்காவில் ஒரு குழு அமைந்தது. தன் பிள்ளையை ஊரார் வளர்க்க விட்டு ரிட்சி பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தார். ஒரே ஒரு முறை எழுந்தார். நோஎலியாஸ் என்ற புதிய சொல்லைக் குழு மொழிக்குள் கொண்டுவரப் பார்த்தது. இரண்டு பாயிண்டர்கள் ஒரே இடத்தைக் காட்டாது என்று கம்பைலருக்கு வாக்குக் கொடுக்கும் சொல். சொல்லப்பட்ட விதத்தில் அது மொழியின் அடித்தளத்தையே உடைக்கும் என்று 1988-ல் ஒரு கடிதம் எழுதினார். அத்தனை அமைதியான ஆளிடமிருந்து அவ்வளவு கறாரான கடிதம்! குழு அந்தச் சொல்லைத் தூக்கிவிட்டது.

1989 தரநிலை மெயினுக்கு இன்ட் என்றது. இருந்தும் நம் லேப்களில் வாய்டு எப்படி நிலைத்தது? என் ஊகம் இது: டர்போ சி-யில் இன்ட் மெயின் எழுதி ரிட்டர்னை மறந்தால் ஃபங்ஷன் ஒரு மதிப்பைத் தர வேண்டும் என்று வார்னிங் வரும். வாய்டு போட்டால் வார்னிங் போய்விடும், டாஸில் யாரும் அந்த எண்ணைத் தேடப்போவதுமில்லை. சார்களும் மேடம்களும் அப்படியே கற்றார்கள், அப்படியே கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. 1999 தரநிலை இரண்டு வேலை செய்தது. டைப் எழுதாவிட்டால் இன்ட் என்ற பழைய சமரசத்தை ரத்து செய்தது. மெயினின் கடைசியில் ரிட்டர்ன் இல்லாவிட்டால் 0 என்று எடுத்துக்கொள்ளச் சொன்னது. இந்தச் சலுகை மெயினுக்கு மட்டும், அதுவும் இன்ட் மெயினுக்கு மட்டும். மூன்றாவது செமஸ்டரில் ஜாவா போனால் கதை தலைகீழ், அங்கே மெயின் வாய்டாகத்தான் இருக்க வேண்டும். இன்ட் போட்டால் கம்பைல் ஆகும், ஓடும்போது திட்டு விழும்.

ஆக வாய்டு மெயின் பாவமா? ரிட்சியின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. 1990 முதல் பெல் லேப்ஸில் அவர் தலைமையில் இருந்த துறையில்தான் பிளான் 9 என்ற அடுத்த ஆபரேட்டிங் சிஸ்டம் வளர்ந்தது. ராப் பைக், தாம்சன் எல்லாம் சேர்ந்து செய்தது. அங்கே சி புரோகிராம்களில் மெயின் வாய்டுதான்! ஏனென்றால் பிளான் 9-ல் புரோகிராம் முடியும்போது எண்ணைத் தருவதில்லை, ஒரு வாக்கியத்தைத் தருகிறது. ஒன்றும் சொல்லாமல் முடித்தால் நலம். கோளாறு என்றால் என்ன கோளாறு என்று வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். சொல்லாமல் மெயினிலிருந்து அப்படியே வெளியே வந்துவிட்டால், மெயின் என்ற சொல்லே கோளாறுச் செய்தியாகப் போகும். தங்கள் பழைய ஏற்பாட்டையே உடைத்துவிட்டு இன்னொன்றை யோசிக்கும் துணிச்சல் 50 வயதிலும் அந்த அறைகளில் இருந்தது. என் ரெக்கார்டு நோட்டை அந்த லேபில் காட்டியிருந்தால் சைன் கிடைத்திருக்கும்.

1993-ல் சி எப்படி வளர்ந்தது என்று ஒரு மாநாட்டுக்குக் கட்டுரை எழுதினார். தன் மொழியின் தப்புகளை ஒளிக்காமல் எழுதிய கட்டுரை. டிக்ளரேஷன் எழுதும் முறை குழப்பமானது என்று ஒப்புக்கொண்டார். & குறியின் முன்னுரிமையைத் தவறான இடத்தில் வைத்ததற்கும், பழைய கோடு உடையக்கூடாதே என்ற அதே பக்கத்து ரூம் சமரசம்தான் காரணம் என்று விளக்கினார். நாம் செய்தது ஏன் தப்பாகப் போனது என்று இவ்வளவு நிதானமாக எழுத எத்தனை பேரால் முடியும்?

2007-ல் ஓய்வு. 2011-ல் தாம்சனோடு சேர்ந்து ஜப்பான் பரிசு. திருமணம் செய்துகொள்ளவில்லை, நியூ ஜெர்சியில் பெர்க்லி ஹைட்ஸில் தனியாக வாழ்ந்தார். உடல்நிலை மோசமாக இருந்தது. 2011 அக்டோபர் 12 அன்று வீட்டில் இறந்து கிடந்தார். வயது 70. செய்தியை வெளியே சொன்னது ராப் பைக், ஒரு சின்னப் பதிவில். அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்திருந்தார். பேப்பர், டிவி எல்லாம் அதையே பேசிக்கொண்டிருந்தன. ஜாப்ஸ் மேடையேறிக் காட்டிய ஐபோனுக்குள் ஓடியது யூனிக்ஸ் வழிவந்த சிஸ்டம், அதன் கெர்னல் சி-யில் எழுதியது. அடுத்த மாதம் வெளியான ஃபெடோரா 16-ஐ ரிட்சிக்குச் சமர்ப்பித்தார்கள்.

அவர் 1972, 73 வாக்கில் எழுதிய ஆதி சி கம்பைலர்கள் இரண்டு பழைய டேப்புகளிலிருந்து மீட்கப்பட்டன. அவரே அவற்றைத் தன் பக்கத்தில் போட்டு வைத்தார், இன்றும் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு சனிக்கிழமை ராத்திரி திறந்து பாருங்கள். சி மொழியின் கம்பைலர், சி மொழியிலேயே. அதிலும் ஒரு மெயின் இருக்கிறது, முன்னால் எந்தச் சொல்லும் இல்லாமல். 2024-ல் வந்த ஜிசிசி 14-ல் அந்த ஃபைலைக் கொடுத்துப் பார்த்தால் ஏகப்பட்ட எரர் கொட்டும். மெயினுக்கு ரிட்டர்ன் டைப் எங்கே என்பதும் அதில் ஒன்று.